சேற்றுக்குள் இருக்கும் கணக்கு: கண்டல் காடுகளின் காபனை அளப்பது எப்படி?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கண்டல் காடு என்றால் வானுயர்ந்த மரங்களை எதிர்பார்க்க முடியாது. மண்டைதீவிலும் அரியாலைக் கரையிலும் சரசாலைக் குருவிக்காட்டிலும் நிற்பவை பெரும்பாலும் ஆளுயரம், மிஞ்சினால் அதற்குக் கொஞ்சம் மேல். பலர் அவற்றைக் காடு என்று சொல்வதுமில்லை, பற்றை என்பார்கள். விறகுக்கு வெட்டுவார்கள், ஆட்டுக்குக் குழை ஒடிப்பார்கள், ஓரமாகக் குப்பையும் கொட்டுவார்கள்.

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சில் இன்று கண்டல் காடுகளுக்குத் தனி இடம் இருக்கிறது. கடலும் கடற்கரைத் தாவரங்களும் பிடித்து வைக்கும் காபனுக்கு 'நீலக் காபன்' என்று பெயர். ஐ.நா. சுற்றாடல் திட்டம் 2009 இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் இந்தப் பெயர் பரவலானது. 2015 இல் நாட்டின் எல்லாக் கண்டல் காடுகளையும் பாதுகாக்கும் திட்டத்தை இலங்கை அறிவித்தது. 2024 இல் இலங்கையின் கண்டல் மீளமைப்பு முயற்சியை ஐ.நா. உலக முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றது. அப்படியானால் எங்கள் கரையில் நிற்கும் இந்தப் பற்றைகள் எவ்வளவு காபனைப் பிடித்து வைத்திருக்கின்றன? அதை யார், எப்படி அளக்கிறார்கள்? யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அதை நம்பலாமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுபவர் மரத்தை அண்ணாந்து பார்ப்பதை விட, காலுக்குக் கீழே இருக்கும் சேற்றைத் தோண்ட வேண்டும். அந்தச் சேற்றையும் யாழ்ப்பாணத்திலேயே தோண்ட வேண்டும். வேறு நாட்டுக் காட்டின் எண்ணை இரவல் வாங்கி இங்கே ஒட்டினால் கணக்குப் பிழைக்கும்.

இருப்பு வேறு, வரத்து வேறு

முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒரு கிணற்றில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. ஊற்றிலிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு ஊறுகிறது என்பது இன்னொன்று. கண்டல் காட்டிலும் இப்படித்தான். மரத்திலும் வேரிலும் மண்ணிலும் இதுவரை சேர்ந்திருப்பது காபன் இருப்பு. அதை ஒரு ஹெக்டேயருக்கு இத்தனை தொன் என்று சொல்வார்கள். ஆண்டுதோறும் புதிதாகச் சேர்வது உறிஞ்சும் வீதம். அதை ஓர் ஆண்டில் ஒரு ஹெக்டேயருக்கு இத்தனை தொன் என்று சொல்வார்கள்.

செய்திகளில் இவ்விரண்டும் அடிக்கடி கலந்து போகின்றன. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இருப்பை, ஆண்டுதோறும் உறிஞ்சப்படும் அளவாகச் சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. காபன் என்பது தனிமம். வளியில் இருப்பது காபனீரொட்சைட்டு. ஒரு கிலோ காபன் எரிந்தால் ஏறக்குறைய 3.67 கிலோ காபனீரொட்சைட்டு உண்டாகும். எந்த அலகு என்று சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் தந்தால், அது மூன்றரை மடங்குக்கு மேல் மாறுபடக்கூடும்.

மரத்தை வெட்டாமல் எடை பார்த்தல்

இருப்பை அளக்கும் வேலை மரத்தில் தொடங்குகிறது. காட்டில் சிறு வட்டங்களைக் குறித்து, அவற்றுக்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்தின் இனத்தையும் தண்டின் விட்டத்தையும் பதிவு செய்வார்கள். பொதுவாகத் தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளப்பார்கள். சில கண்டல் இனங்களின் முண்டு வேர்கள் அந்த உயரத்தையும் தாண்டி நிற்பதால், அவற்றில் மிக மேலே உள்ள வேருக்கு 30 சென்ரிமீற்றர் மேலே அளப்பது வழக்கம்.

விட்டம் தெரிந்தால் மரத்தின் எடையைச் சமன்பாட்டால் மதிப்பிடலாம். யப்பானிய விஞ்ஞானி அகிரா கொமியாமாவும் அவருடைய குழுவினரும் 2005 இல் வெளியிட்ட சமன்பாடு உலகெங்கும் பயன்படுகிறது. அதற்கு மரத்தின் விட்டமும் அதன் பலகையின் அடர்த்தியும் போதும். ஓர் உதாரணம் பார்ப்போம். கண்ணா என்ற கண்டல் இன மரம் ஒன்றின் விட்டம் 10 சென்ரிமீற்றர், பலகையின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 0.65 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு மேலே உள்ள உலர் எடை ஏறக்குறைய 47 கிலோ, வேரின் எடை ஏறக்குறைய 22 கிலோ என்று வரும். மேற்பகுதியில் பாதிக்குச் சற்றுக் குறைவும், வேரில் ஐந்தில் இரண்டு பங்கும் காபன் என்று கொண்டால், அந்த ஒரு மரத்தில் இருப்பது சுமார் 31 கிலோ காபன். காபனீரொட்சைட்டாகச் சொன்னால் 113 கிலோ.

இங்கேதான் யாழ்ப்பாணத்தின் முதல் சிக்கல் வருகிறது. அந்தச் சமன்பாடு தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் நேராக உயர்ந்து வளர்ந்த மரங்களை வெட்டி எடைபோட்டு உருவானது. குடாநாட்டில் மிகுதியாக இருப்பது கண்ணா. வறண்ட வலயம் இது. மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்யும். மற்ற மாதங்களில் ஆழமில்லாத கடல்நீரேரி வெயிலில் வற்றி, கடலை விட உப்பாகிவிடும். அந்த உப்பைத் தாங்கி நிற்கும் கண்ணா குறுகித்தான் வளரும். வெட்டிய இடத்தில் துளிர்க்கும் குணமும் அதற்கு உண்டு. ஆகவே ஒரு அடியிலிருந்து ஐந்தாறு தண்டுகள் கிளம்பும். பல மரங்கள் 1.3 மீற்றர் உயரத்தைத் தொடுவதே இல்லை.

இப்படிப்பட்ட குற்றுமரங்களுக்கு வேறு முறை வேண்டும். தரையிலிருந்து 30 சென்ரிமீற்றரில் ஒவ்வொரு தண்டையும் அளந்து, விதானத்தின் நீளம், அகலம், மரத்தின் உயரம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். பிறகு, அதே கரையில் அனுமதியோடு சில செடிகளை வெட்டி, உலர்த்தி, நிறுத்து, உள்ளூருக்கான சமன்பாட்டை உருவாக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. தராசும் உலர்த்தும் அடுப்பும் பொறுமையும் போதும்.

சேற்றைத் தோண்டுவது ஏன்?

மரத்தோடு நிறுத்திவிட்டால் கணக்கின் பெரும்பகுதி விடுபட்டுவிடும். 2011 இல் டானியல் டொனாற்றோவும் குழுவினரும் இந்து, பசுபிக் சமுத்திரப் பகுதிகளில் 25 கண்டல் காடுகளை அளந்து வெளியிட்ட ஆய்வில், சராசரி இருப்பு ஒரு ஹெக்டேயருக்கு 1,023 தொன் காபன் என்று கண்டார்கள். அதில் 49 முதல் 98 சதவீதம் வரை மண்ணிலேயே இருந்தது.

காரணம் சேற்றின் தன்மையில் இருக்கிறது. சாதாரணக் காட்டில் விழும் இலையும் இறந்த வேரும் ஒட்சிசனின் உதவியோடு விரைவாக உக்கி, அவற்றின் காபன் மீண்டும் வளிக்குப் போய்விடும். கண்டல் சேற்றில் சில மில்லிமீற்றருக்குக் கீழே ஒட்சிசன் இல்லை. மரங்கள் மூச்சு வேர்களை மேலே நீட்டுவதும் அதனால்தான். ஒட்சிசன் இல்லாத இடத்தில் உக்கல் மிக மெதுவாகவே நடக்கும். வேர்கள் இறந்து அங்கேயே புதைகின்றன. நீர் கொண்டுவரும் மண்டியை மூச்சு வேர்கள் தடுத்துப் படியச் செய்கின்றன. அடுக்கின்மேல் அடுக்காகக் காபன் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கிறது.

உப்புநீரால் இன்னொரு நன்மையும் உண்டு. நன்னீர்ச் சதுப்பில் உக்கல் மெதேன் வாயுவை உண்டாக்கும். அது காபனீரொட்சைட்டை விடப் பலமடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கடல்நீரில் சல்பேற்று மிகுதி. அதைப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள் மெதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை முந்திக்கொள்கின்றன. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகள் உள்ள குடாநாட்டுக்கு இது முக்கியமான செய்தி. நன்னீர் தேவைக்காக ஓர் ஏரியின் உவர்த்தன்மையைக் குறைத்தால், அதன் ஓரத்துச் சேற்றிலிருந்து வரும் மெதேனையும் கணக்கில் சேர்த்து அளக்க வேண்டும்.

ஒரு மீற்றர் சேறு, மூன்று அளவுகள்

சேற்றின் காபனைக் கணிக்க மூன்று அளவுகள் வேண்டும்: சேறு எவ்வளவு ஆழம், எவ்வளவு அடர்த்தி, அதில் எத்தனை சதவீதம் காபன்.

ஒரு பக்கம் திறந்த அரை உருளைக் குழாயைச் சேற்றில் இறக்கித் திருகி, மெல்ல இழுத்தால் அடுக்குக் கலையாத மண்தண்டு வரும். இறக்கும்போது சேறு அமுங்கினால் ஆழக்கணக்குப் பிழைக்கும். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்டை 0 முதல் 15, 15 முதல் 30, 30 முதல் 50, 50 முதல் 100 சென்ரிமீற்றர் என்று பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் கனவளவு தெரிந்த துண்டு ஒன்றை வெட்டுவார்கள். 60 பாகை செல்சியசில், எடை மேலும் குறையாத வரை உலர்த்தி நிறுத்தால் அடர்த்தி தெரியும். பிறகு ஆய்வுகூடத்தில் காபனின் அளவைக் காண்பார்கள்.

கணக்கு எளிது. ஒரு கன சென்ரிமீற்றரில் 1 கிராம் உலர்மண், அதில் 3 சதவீதம் காபன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேயரில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு 10,000 கன மீற்றர் மண் இருக்கும். அதிலுள்ள காபன் 300 தொன். முன்னர் கண்ட கண்ணா மரத்தில் இருந்தது 31 கிலோ. இந்த ஒரு ஹெக்டேயர்ச் சேற்றுக்கு ஈடாக அத்தகைய மரங்கள் ஏறக்குறைய 9,700 வேண்டும்.

சிப்பியும் சுண்ணாம்பும் செய்யும் பிழை

குடாநாட்டின் இரண்டாவது சிக்கல் அதன் நிலத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த நிலம். கடல்நீரேரியின் சேற்றில் மட்டியும் சிப்பியும் ஊரியும் நொறுங்கிக் கிடக்கும். இவை கல்சியம் காபனேற்று. அதன் எடையில் 12 சதவீதம் காபன். ஆனால் அது கண்டல் மரம் வளியிலிருந்து எடுத்துப் புதைத்த காபன் அல்ல. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உலர்மண்ணின் எடையில் 10 சதவீதம் சிப்பித்தூள் என்றால், ஆய்வுக்கருவி 1.2 சதவீதம் காபனைக் கூட்டிக் காட்டும். முன்னைய உதாரணத்தில் 300 தொன் இருக்க வேண்டிய இடத்தில் 420 தொன் என்று வந்துவிடும். ஒரு ஹெக்டேயருக்கு 120 தொன் பொய்க்காபன்! இதைத் தவிர்க்க, மிக உயர்ந்த வெப்பத்தில் எரித்து அளக்கும் கருவிக்குள் மண்ணை இடுவதற்கு முன், ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தால் காபனேற்றை நீக்க வேண்டும். அமிலம் பட்டதும் மண் நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள்.

இன்னொரு வழி, மண்ணை 450 முதல் 550 பாகை செல்சியஸ் வரை எரித்து, குறைந்த எடையைக் காண்பது. அந்த வெப்பத்தில் சேதனப் பொருள் எரிந்துவிடும்; சுண்ணாம்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். எரிந்த எடையில் எவ்வளவு காபன் என்பதை உள்ளூர் மாதிரிகளைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். குடாநாட்டுச் சேற்றைப் பற்றிய எந்த அறிக்கையிலும் முதலில் தேட வேண்டியது இந்த வரிதான்: காபனேற்று நீக்கப்பட்டதா?

ஆழமும் இங்கே எச்சரிக்கை கேட்கிறது. பெரிய ஆற்று முகத்துவாரங்களில் மூன்று மீற்றருக்கும் கீழே சேறு போகும். குடாநாட்டில் ஆறுகள் என்று பெயர் பெற்றவற்றுள்ளும் பல கடல்நீரேரிகளே. வண்டல் கொண்டுவரும் பேராறு இல்லை. சில இடங்களில் கம்பியைக் குத்தினால் ஒரு மீற்றருக்குள்ளேயே கல் தட்டுப்படலாம். கல் 60 சென்ரிமீற்றரில் இருந்தால் கணக்கும் அங்கேயே நிற்க வேண்டும். கம்பியால் குத்திப் பாராமல் 'ஒரு மீற்றர்' என்று எடுத்துக்கொள்வது இல்லாத சேற்றுக்குக் காபன் எழுதுவதாகும்.

ஆண்டுக்கு எவ்வளவு சேர்கிறது?

வரத்தை அளக்கச் சேற்றின் வயதை அறிய வேண்டும். வளியிலிருந்து இயற்கையாகவே படியும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் இதற்குத் துணை. ஏறக்குறைய 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகும். ஆழம் கூடக்கூட அது எப்படிக் குறைகிறது என்று பார்த்தால், கடந்த நூறு ஆண்டு அளவில் சேறு எந்த வேகத்தில் உயர்ந்தது என்று கணிக்கலாம். சேற்றின் மேல் வெள்ளைக் களிமத்தூளைப் பரப்பிவிட்டு, சில ஆண்டுகளின் பின் அதன்மேல் எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்று பார்ப்பது எளிய முறை. மரங்களுக்கு இலக்கமிட்டு, சில ஆண்டு இடைவெளியில் அதே மரங்களை மீண்டும் அளந்தால் வளர்ச்சி தெரியும்.

காட்டின் மேலே கோபுரம் எழுப்பி, காற்றில் ஏறி இறங்கும் காபனீரொட்சைட்டை நொடிக்குப் பலமுறை அளப்பதும் உண்டு. தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் இப்படி அளந்திருக்கிறார்கள். செலவு மிகுந்த முறை இது. சில மீற்றர் அகலமே உள்ள கரையோரக் கண்டலுக்குப் பொருந்தாது.

உதாரணமாக, சேறு ஆண்டுக்கு 2 மில்லிமீற்றர் உயர்கிறது என்று கொள்வோம். முன்னர் எடுத்த அடர்த்தியும் 3 சதவீதக் காபனும் இருந்தால், ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்குப் புதைவது 0.6 தொன் காபன். அந்த வேகத்தில் 300 தொன் சேர 500 ஆண்டுகள் வேண்டும். கண்டலை அழித்து நிலத்தை நிரப்பினாலோ, இறால் பண்ணைக்காகத் தோண்டினாலோ, ஒட்சிசன் படாமல் கிடந்த சேறு காற்றைச் சந்திக்கிறது. உக்கல் விரைவாகிறது. அத்தனை காபனும் ஒரே நாளில் போய்விடாது. பாதி போனாலே, அதை மீட்க 250 ஆண்டு ஆகும். புத்தளக் கரையில் 1980களுக்குப் பின் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்கள் அழிந்த வரலாறு இந்நாட்டுக்கு உண்டு. நிற்கும் கண்டலைக் காப்பது புதிதாக நடுவதை விட ஏன் பெரிய வேலை என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

பரப்பைக் காண்பதும் இடத்தைத் தெரிவதும்

ஒரு ஹெக்டேயருக்கான அளவு கிடைத்தால், மொத்தப் பரப்பால் பெருக்க வேண்டும். பரப்பைச் செய்மதிப் படங்கள் தருகின்றன. நீண்டகாலமாகப் பயன்படும் லாண்ட்சற் படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றர் சதுரம். குடாநாட்டில் கண்டல் பல இடங்களில் அதைவிடக் குறுகிய வரிசையாகவே நிற்கும். அந்தப் புள்ளிக்குள் அது கரைந்துபோகும். 2015 முதல் கிடைக்கும் சென்ரினல்-2 படங்களின் 10 மீற்றர்ப் புள்ளி கொஞ்சம் உதவும். ஆளில்லா விமானப் படமும் கரையில் நடந்து பார்ப்பதும் சேர்ந்தால்தான் நம்பகமான பரப்பு வரும்.

மாதிரி எடுக்கும் இடமும் முக்கியம். நீரோரம், நடுப்பகுதி, தரையோரம் என்று மூன்றிலும் சேறு வேறுபடும். 2021 இல் வெளியான, இலங்கையின் கண்டல் காடுகள் பற்றிய ஓர் ஆய்வு, காபன் இருப்பின் வேறுபாட்டுக்குக் காலநிலையும் நீர்மட்டத்தை ஒட்டிய இடநிலையும் காரணமாகின்றன என்று காட்டியது. எளிதில் போகக்கூடிய தெருவோரக் கண்டலை மட்டும் அளந்தால் சராசரி பிழைக்கும். கிளாலி, முகமாலைப் பக்கங்களில் போர் முடிந்த 2009 க்குப் பின்னும் நெடுங்காலம் கண்ணிவெடி அகற்றல் நடந்தது. அங்கே பாதுகாப்பு உறுதிசெய்யப்படாத நிலத்தில் குழாய் இறக்க முடியாது. எந்த இடம் அளக்கப்படவில்லை, ஏன் என்று எழுதிவைப்பதும் நேர்மையான அளவீட்டின் பகுதி.

உலக அளவில் 190 இடங்களைத் தொகுத்து 2020 இல் வந்த ஆய்வு, இருப்பு ஒரு ஹெக்டேயருக்கு 79 தொன்னிலிருந்து 2,208 தொன் வரை மாறுபடுகிறது என்றது. சராசரி 856 தொன். இருபத்தைந்து மடங்குக்கும் மேலான இந்த வேறுபாடு, சராசரியை இரவல் வாங்கக் கூடாது என்பதற்குப் போதுமான காரணம்.

நட்ட கன்றும் விற்கும் காபனும்

கண்டல் நடுகை விழாக்களில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைப் பெருமையோடு சொல்வார்கள். நட்டவர்களின் அக்கறை உண்மையானது. ஆனால் காபன் சேர்வது பிழைத்த கன்றில் மட்டும்தான். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் நடந்த நடுகைகளை ஆராய்ந்து ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு இணைந்தவர்களும் 2017 இல் வெளியிட்ட முடிவு மனதை வருத்துவது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில், வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டேயர் வரைதான். ஆராய்ந்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பொருந்தாத இனம், பொருந்தாத ஆழம், நட்டபின் கவனிப்பின்மை ஆகியவை முக்கிய காரணங்கள். கடற்புல் வளரும் ஆழமில்லாத நீரில் கண்டலை நட்டால் இரட்டை நட்டம். கடற்புல்லும் காபனைப் புதைக்கும் தாவரம்தான்.

சரியாக அளந்தால் பயன் ஊருக்கே வரக்கூடும் என்பதற்குக் கென்யாவின் காசி விரிகுடா நல்ல உதாரணம். அங்கே 'மிக்கோக்கோ பமோஜா' என்ற திட்டம் 2013 முதல் 117 ஹெக்டேயர் கண்டலைக் காத்து, ஆண்டுக்குச் சுமார் 3,000 தொன் காபனீரொட்சைட்டுக்கான சான்றுகளை விற்று, அந்தப் பணத்தைக் குடிநீருக்கும் பள்ளிக்கும் செலவிடுகிறது. காட்டைக் காப்பதிலும் அளப்பதிலும் ஊராரே பங்கேற்கிறார்கள். வாங்குபவர் எண்ணை நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

எங்கள் கரையைப் பற்றி யாராவது ஒரு காபன் எண்ணைக் கொண்டுவந்தால், வாசகர் ஆறு கேள்விகளைக் கேட்கலாம். இது இருப்பா, ஆண்டு வரத்தா? காபனா, காபனீரொட்சைட்டா? சேறு எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டப்பட்டது? சுண்ணாம்பு நீக்கப்பட்டதா? மரத்துக்கான சமன்பாடு எந்த நாட்டு மரத்திலிருந்து வந்தது? நட்டவை கணக்கிடப்பட்டனவா, பிழைத்தவையா? விடை இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பிரதேச சபையோ மீனவர் சங்கமோ எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது.

இந்த அளவீட்டைச் செய்யும் ஆற்றல் இங்கேயே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் கரையோரப் பாடசாலைகளின் உயர்தர விஞ்ஞான மாணவர்களும் கடல்நீரேரியை நாளும் பார்க்கும் மீனவர்களும் சேர்ந்தால், சில நிரந்தர வட்டங்களைக் குறித்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் அளக்க முடியும். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் ஆன இடம். நீண்டகால அளவீட்டைத் தொடங்க அது பொருத்தமானது. குடாநாட்டின் எண் உலக சராசரியை விடக் குறைவாக வரலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இறாலும் நண்டும் வளரும் இடமாக, காற்றையும் அலையையும் தாங்கும் வேலியாகக் கண்டல் செய்யும் வேலை காபனோடு முடிவதில்லை. ஆனால் காபனைச் சொல்லிக் காக்கப் புறப்பட்டால் அந்த எண் எங்கள் சேற்றிலிருந்து வந்ததாக, யார் திரும்ப அளந்தாலும் நிற்பதாக இருக்க வேண்டும். பற்றை என்று வெட்டப்படும் கண்ணாவுக்காக வாதாட அப்படிப்பட்ட எண்தான் உதவும்.